மைக் ஃபிக்கிஸின் ‘டைம்கோட்’ திரைப்படத்தில் காலக்குறியும் துணுக்கு நீளமும்: ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

படத்தொகுப்பு மென்பொருளில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒரு காலக்குறியும் ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு நீளமும் உண்டு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும் போக்கும், அவற்றைப் பார்வையாளர் உணரும் காலத்தின் அளவாகக் கொள்ளும் போக்கும் திரைப்பட ஆய்வில் காணப்படுகின்றன. மைக் ஃபிக்கிஸ் இயக்கிய ‘டைம்கோட்’ (2000) இக்கருவியின் பெயரையே தலைப்பாகச் சூட்டிக்கொண்டு, வெட்டே இல்லாமல் நான்கு தொடர்பதிவுகளை ஒரே திரையில் ஓடவிட்ட படம். அப்படத்தில் தொகுப்பு எங்கே நிகழ்கிறது என்ற வினாவை முன்வைத்து, காலக்குறி எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காலக்குறி, சட்டகம், துணுக்கு நீளம், தொடர்பதிவு, ஒலிக்கலவை, ஒருங்குநிகழ்வு.

முன்னுரை

திரைப்படத்தை எண்ணால் அணுகும் ஆய்வுமுறைக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வயது. 1970களில் பாரி சால்ட் சராசரி ஷாட் நீளம் என்ற அளவையை முன்வைத்தார். 2005இல் யூரி சிவியான் தொடங்கிய ‘சினிமெட்ரிக்ஸ்’ தளம் அதனைப் பலரும் கையாளும் கருவியாக்கியது. இன்று ஓர் ஆய்வாளர் ஒரு படத்தைத் தொகுப்பு மென்பொருளில் ஏற்றி, வெட்டு விழும் இடந்தோறும் குறியிட்டு, துணுக்குகளின் நீளத்தை அட்டவணையாக்கிவிட முடிகிறது. இவ்வாறு கிடைக்கும் எண்கள் உறுதியானவை போலத் தோன்றுகின்றன. மணி, நிமிடம், நொடி, சட்டகம் என நான்கு பகுதிகளாக, முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு நிற்கும் அவ்வெண்ணைக் கண்டதும் வாசகர் வாதிடுவதை நிறுத்திக்கொள்கிறார். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தகும் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. அதற்கு விடை தேட மிகவும் பொருத்தமான பனுவல், வெட்டுகள் நிறைந்த ஒரு படமன்று. வெட்டே இல்லாத ஒரு படம்.

முகவரியும் அளவும்

காலக்குறி என்ற பெயர் ஓரளவு தவறான வழியைக் காட்டுகிறது. 1960களின் இறுதியில் அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கம் வகுத்த தரமுறையின்படி, காந்த நாடாவில் பதிவான ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. கண்ணால் பார்க்க முடியாத நாடாவில் ஒரு சட்டகத்தைத் திரும்பக் கண்டுபிடிப்பதற்காகவே அவ்வெண் தோன்றியது. ஆகவே அது முதன்மையாக ஒரு முகவரி. தெருவில் 40ஆம் எண் வீட்டுக்கும் 50ஆம் எண் வீட்டுக்கும் இடையில் எத்தனை வீடுகள் உள்ளன என்பதைக் கதவெண்ணைக் கொண்டு ஊகிக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது.

இதற்கு மிகத் தெளிவான சான்று ‘டிராப் ஃபிரேம்’ எனப்படும் எண்ணுமுறை. 1953இல் அமெரிக்கா வண்ணத் தொலைக்காட்சிக்கு மாறியபோது நொடிக்கு 30 என்றிருந்த சட்டக வேகம் 29.97 ஆகக் குறைந்தது. காலக்குறியோ 30 சட்டகங்களுக்கு ஒரு நொடி என்றே எண்ணிச் செல்லும். இதனால் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் கழியும்போது காலக்குறி 00:59:56:12 என்றே காட்டும். இந்தப் பின்னடைவைச் சரிசெய்ய, ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 00, 01 ஆகிய இரண்டு எண்கள் விடப்படுகின்றன. பத்தாவது நிமிடந்தோறும் மட்டும் விடப்படுவதில்லை. ஒரு மணிக்கு 108 எண்கள் இவ்வாறு கழிகின்றன. விடப்படுவன எண்கள் மட்டுமே. சட்டகம் ஒன்றுகூட நீக்கப்படுவதில்லை. பெயரை மட்டும் கேட்டுப் படத்தில் சட்டகங்கள் காணாமற்போகின்றன என்று எழுதுவோர் உண்டு. உண்மையில், கடிகாரத்தோடு ஒத்துப்போவதற்காக முகவரிப் பட்டியலில் இடைவெளி விடப்படுகிறது, அவ்வளவே.

முகவரி வேறு, அளவு வேறு என்பதற்குத் தொகுப்பறையின் அன்றாட வழக்கங்களே போதிய சான்று தரும். தொகுக்கப்பட்ட நிகழ்ச்சியின் முதல் சட்டகத்துக்கு 01:00:00:00 என்று எண்ணிடுவது பரவலான மரபு. தொடக்கமே ஒரு மணியில் நிற்கிறது. அதற்கு முன்னுள்ள இடம் வண்ணப்பட்டைக்கும் ஒலிச் சோதனைக்கும் உரியது. ஒரே துணுக்கு, தான் பதிவான மூலத்தில் ஒரு காலக்குறியையும் தொகுப்பு வரிசையில் வேறொரு காலக்குறியையும் தாங்கி நிற்கும். நீளமோ இரண்டிலும் ஒன்றே. அந்த நீளத்தைக் கணிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு: முடிவுக் குறியிட்ட சட்டகம் துணுக்கைச் சேர்ந்ததா, அதற்கு அடுத்ததா? சேர்ந்தது எனக் கொள்ளும் இடத்தில், இரு குறிகளையும் கழித்து வருவதோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். ஒற்றைச் சட்டகம் அற்பமாகத் தோன்றலாம். ஆயிரம் வெட்டுகள் உள்ள படத்தில் அது நொடிக்கு 24 சட்டகம் என்ற வேகத்தில் ஏறத்தாழ 42 நொடிப் பிழையாகக் குவியும்.

தமிழில் ‘நொடி’ என்ற சொல் விரலை நொடித்தலிலிருந்து வந்தது. தொல்காப்பியம் எழுத்தின் ஒலியளவான மாத்திரையைக் கண் இமைத்தலாலும் விரல் நொடித்தலாலும் வரையறுப்பது தமிழாய்வாளர் நன்கறிந்த செய்தி. படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச்சும் வெட்டை இமைத்தலோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். இவ்விரண்டையும் தொடர்புபடுத்தி ஒரு கோட்பாடு கட்டுவது மிகையாகும். எனினும், உடலைக் கொண்டு காலத்தை அளக்கும் மரபும் சட்டகத்தைக் கொண்டு அளக்கும் மரபும் வெவ்வேறானவை என்பதை நினைவில் இருத்துவது, கீழ்வரும் படத்தை அணுகத் துணைசெய்யும்.

நான்கு துணுக்குகள், ஒரே நீளம்

‘டைம்கோட்’ திரைப்படத்தில் திரை நான்கு சம கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்ணிமக் கேமரா இடைநிறுத்தமின்றி ஏறத்தாழ 93 நிமிடங்கள் பதிவுசெய்த காட்சி ஓடுகிறது. நான்கும் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரே வேளையில் படமாக்கப்பட்டவை. முழுப்படமும் இவ்வாறு 15 முறை எடுக்கப்பட்டது. 1999 நவம்பர் 19 அன்று எடுத்த பதினைந்தாவது பதிவே திரையரங்குக்கு வந்தது. இசைக்கலைஞராகவும் விளங்கும் ஃபிக்கிஸ், வழக்கமான திரைக்கதை வடிவத்தைக் கைவிட்டு இசைக்குறிப்புத் தாளில் இப்படத்தை எழுதினார். நான்கு கேமராக்களுக்கு நான்கு வரிகள். தாளின் ஒவ்வொரு கட்டக்கோட்டுக்கும் ஒரு நிமிடம். நடிகர்களின் கைக்கடிகாரங்கள் ஒத்திசைக்கப்பட்டன. உரையாடல் பெரிதும் அவர்களே அவ்விடத்தில் உருவாக்கியது.

இந்தத் தாள் கருத்தில் கொள்ளத்தக்கது. தொகுப்பு மென்பொருளின் காலக்கோடும் இதே வடிவில்தான் இருக்கிறது: இடமிருந்து வலமாகக் காலம், மேலிருந்து கீழாக அடுக்குகள். பிற இயக்குநர்கள் படப்பிடிப்புக்குப் பின் அடையும் வரைபடத்தை ஃபிக்கிஸ் படப்பிடிப்புக்கு முன்பே தீட்டிவிட்டார். தொகுப்பு ஒழியவில்லை, முன்னுக்கு நகர்ந்திருக்கிறது.

இப்படத்தை மென்பொருளில் ஏற்றித் துணுக்கு நீளம் கேட்டால் கிடைக்கும் விடை வேடிக்கையானது. வெட்டு இல்லாததால் சராசரி ஷாட் நீளம் 93 நிமிடம். நான்கு ஷாட்டுகள் எனக் கொண்டாலும் சராசரி அதுவே. நான்கையும் கூட்டினால் 372 நிமிடம், அதாவது 6 மணி 12 நிமிடக் காட்சியைப் பார்வையாளர் ஒன்றரை மணி நேரத்தில் எதிர்கொள்கிறார். எண்கள் யாவும் சரி. அவற்றுள் ஒன்றுகூட இப்படத்தைப் பார்க்கும் அனுபவத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அளவின்படி இது மிக மெதுவான படம். பார்க்கும்போதோ கண் நிலைகொள்ளாமல் கட்டத்துக்குக் கட்டம் தாவிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தாவல் ஒவ்வொன்றும் ஒரு வெட்டு. அது பார்வையாளரின் கண்ணில் நிகழ்வதால் எந்தக் காலக்கோட்டிலும் பதிவாவதில்லை.

செவியில் நிகழும் தொகுப்பு

கண்ணின் தாவல் முழுதும் தன்னிச்சையானதன்று. நான்கு கட்டங்களும் சமமாகக் காட்டப்பட்டாலும் நான்கின் ஒலியும் சமமாகக் கேட்பதில்லை. ஒரு வேளையில் ஒரு கட்டத்தின் உரையாடல் உயர்கிறது; மற்றவை தாழ்கின்றன. பார்வை ஒலியைத் தொடர்ந்து செல்கிறது. வெட்டின் வேலையை இங்கே ஒலிக்கலவை செய்கிறது எனலாம்.

கதையே இதனை எடுத்துச் சொல்வது போல அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது. ஜீன் டிரிப்பிள்ஹார்ன் ஏற்ற லாரன் என்னும் பாத்திரம், தன் காதலி ரோஸின் (சல்மா ஹாயெக்) கைப்பையில் ஓர் ஒட்டுக்கேட்கும் கருவியை மறைத்து வைக்கிறாள். ரோஸ் நடிப்புத் தேர்வுக்காகத் திரைப்பட நிறுவன அலுவலகத்துக்குள் செல்ல, லாரன் வெளியே காரில் அமர்ந்து காதில் கருவியோடு காத்திருக்கிறாள். உள்ளே ரோஸும் அந்நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்ஸும் (ஸ்டெல்லன் ஸ்கார்ஸ்கார்ட்) கூடுவதை அவள் கேட்கிறாள், பார்க்கவில்லை. பார்வையாளருக்கோ இரு கட்டங்களிலும் இருவரும் தெரிகின்றனர். ஒரு கட்டத்தில் எழும் ஒலி மற்றொரு கட்டத்தின் முகத்தில் விளைவாகிறது. வழக்கமான படத்தில் இதனை அலுவலகம், கார், மீண்டும் அலுவலகம் என மாறிமாறி வெட்டியே காட்ட முடியும். அவ்வாறு வெட்டும்போது லாரனின் முகத்தில் எந்தக் கணத்தைக் காட்டுவது, எதை விடுவது என்பதைத் தொகுப்பாளர் முடிவுசெய்வார். இங்கே விடப்படும் கணம் இல்லை. வெறுமனே காதைத் தீட்டிக்கொண்டு, எதுவும் நிகழாமல் அவள் அமர்ந்திருக்கும் நிமிடங்களும் திரையில் கிடக்கின்றன. அவளுடைய பொறாமைக்கு எடை தருவது அந்தக் காத்திருப்பின் நீளமே. படத்தில் துணுக்கு நீளம் பொருளாக மாறும் இடம் ஒன்றைச் சுட்டச் சொன்னால் இதனைச் சுட்டலாம்.

மற்றொரு உத்தி நிலநடுக்கம். படத்தில் சில இடங்களில் நான்கு கட்டங்களும் ஒரே கணத்தில் அதிர்கின்றன. பாத்திரங்கள் தடுமாறிப் பற்றிக்கொள்கின்றனர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்கு இது இயல்பான நிகழ்வே. ஆயினும் தொகுப்பறைக் கண்ணோடு நோக்கினால் அதன் பயன் வேறு. பல கேமராக்களின் பதிவுகளை ஒத்திசைக்க ‘கிளாப்’ அடிப்பர். அட்டை மோதும் சட்டகத்தைக் கண்டு எல்லாத் துணுக்குகளையும் ஒரே கோட்டில் நிறுத்துவர். ஃபிக்கிஸின் நிலநடுக்கம் பார்வையாளருக்காக அடிக்கப்படும் கிளாப். நான்கும் ஒரே வேளையில்தான் நிகழ்கின்றன என்பதை எண்ணாகச் சொல்லாமல் உடல்கள் நடுங்குவதன் வழியே அது உணர்த்துகிறது. தலைப்பில் மட்டும் நிற்கும் காலக்குறி, கதைக்குள் இவ்வாறு நுழைகிறது.

சுதந்திரம் என்னும் கோரல்

ஆந்த்ரே பாசான் நீண்ட ஷாட்டையும் ஆழ்குவியத்தையும் போற்றியதற்குக் காரணம், அவை பார்வையாளரிடம் தெரிவை விட்டுவைக்கின்றன என்பதே. வெட்டு, பார்க்க வேண்டியதை ஆணையிடுகிறது. வெட்டில்லாச் சட்டகம் தேட விடுகிறது. ‘டைம்கோட்’ பற்றிய பாராட்டுகள் பெரும்பாலும் இக்கருத்தையே வழிமொழிகின்றன: நான்கு கட்டங்களுள் விரும்பியதைப் பார்க்கலாம், ஆகவே ஒவ்வொருவரும் தம் படத்தைத் தாமே தொகுத்துக்கொள்கின்றனர் என்று. இக்கூற்றை ஒலிக்கலவை மறுக்கிறது. உரக்கப் பேசும் கட்டத்தை விட்டு ஊமைக் கட்டத்தைப் பார்த்திருப்பவர் உரையாடலுக்குரிய முகங்களை இழக்கிறார். தெரிவு இருக்கிறது, அதற்குத் தண்டமும் இருக்கிறது. கண்ணுக்குப் பாசானையும் காதுக்கு ஐசன்ஸ்டைனையும் வைத்த படம் இது எனின் தவறாகாது.

குறையும் இங்கேயே தொடங்குகிறது. ஒரு கட்டத்தின் கதை முக்கியமாகும்போது மற்ற மூன்றும் நேரத்தைக் கடத்த வேண்டியுள்ளது. பாத்திரங்கள் தாழ்வாரங்களில் நடக்கின்றனர், தொலைபேசியில் முணுமுணுக்கின்றனர், புகைபிடிக்கின்றனர். லாரனின் காத்திருப்புக்குக் கிடைத்த பொருள் இவற்றுக்குக் கிடைப்பதில்லை. இவை கைக்கடிகாரத்தைப் பார்த்து நிரப்பிய நிமிடங்கள் என்பது தெரிந்துவிடுகிறது. தார்க்கோவ்ஸ்கி, ஷாட்டுக்குள் ஓடும் காலத்தின் அழுத்தத்திலிருந்தே படத்தின் தாளம் பிறக்கிறது என்று கருதினார். அந்த அளவுகோலில் வைத்தால், சம நீளமுள்ள இந்நான்கு துணுக்குகளின் காலம் சம அழுத்தம் உடையதன்று.

இயக்குநர் இதனை அறியாதவர் அல்லர். படத்தின் இறுதிப் பகுதியில் ஆனா என்னும் இளம் இயக்குநர் அந்நிறுவனத்தாரிடம் தம் படக்கருத்தை விளக்குகிறார்: வெட்டு இல்லாத, நான்கு கேமராக்களில் ஒரே வேளையில் எடுக்கப்படும் படம். நாம் பார்த்துக்கொண்டிருக்கும் படமேதான். அதைக் கேட்டு அலெக்ஸ் வாய்விட்டுச் சிரித்து, வெற்றுப் பகட்டு என்று தள்ளுகிறான். சற்றைக்கெல்லாம் லாரனால் சுடப்படுகிறான். தன்னைத் தானே எள்ளிக்கொள்ளும் இக்காட்சியைத் தற்காப்பு என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. கோட்பாடு பேசப்படும் அதே வேளையில், அதற்குச் செவிசாய்க்காத ஒரு பொறாமை வேறொரு கட்டத்தில் நெருங்கிவருகிறது. நான்கு கட்ட வடிவம் தன்னை முழுமையாக நியாயப்படுத்திக்கொள்ளும் இடம் இது.

‘வெட்டே இல்லை’ என்பதிலும் ஒரு திருத்தம் தேவை. பதினைந்து பதிவுகளுள் ஒன்றைத் தேர்ந்ததே ஒரு தொகுப்புச் செயல். படத்தின் டிவிடி வெளியீட்டில் முதற்பதிவும் இடம்பெற்றது. ஒலிக்கலவையைப் பார்வையாளரே மாற்றிக்கொள்ளும் வசதியும் தரப்பட்டது. ஒரே கதைத்திட்டம், ஒரே கால அளவு; நடிப்பும் சொற்களும் வேறு. நீள அட்டவணையில் இவ்விரண்டு பதிவுகளையும் வேறுபடுத்தும் வழியில்லை.

‘இரவின் நிழல்’: எதிர்த்திசைச் சான்று

தமிழில் ரா. பார்த்திபன் இயக்கி 2022இல் வெளிவந்த ‘இரவின் நிழல்’, ஒரே ஷாட்டில் அமைந்த நேர்கோட்டில் செல்லாப் படம் என்ற அடையாளத்தோடு வந்தது. ‘டைம்கோட்’ படத்தில் திரைக்காலமும் கதைக்காலமும் ஒன்று. ‘இரவின் நிழல்’ படத்தில் கேமரா நிற்காமல் நகர, நந்து என்னும் மையப்பாத்திரத்தின் வாழ்க்கைப் பருவங்கள் வெவ்வேறு நடிகர்களால் அடுத்தடுத்த அரங்குகளில் நிகழ்த்தப்படுகின்றன. பதிவின் காலக்குறி தொடர்ச்சியாக ஏறிக்கொண்டே செல்லும். கதைக்காலமோ ஆண்டுக்கணக்கில் பின்னும் முன்னும் பாயும். ஒரு சுவரைக் கடப்பதே இங்கு வெட்டு. ஆக, துணுக்கு நீளத்தை மட்டும் குறித்துக்கொள்ளும் அட்டவணையில் இவ்விரு படங்களும் அருகருகே நிற்கும். காலத்தைக் கையாளும் முறையில் இரண்டும் எதிரெதிர் முனைகள். திரையரங்கில் படத்துக்கு முன்னர் அதன் உருவாக்கக் காணொளி காட்டப்பட்டதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஒரே ஷாட் என்பது பார்த்தால் தானே விளங்கிவிடும் பண்பன்று, முன்கூட்டி அறிவிக்கப்பட வேண்டிய ஒன்று என்பதற்கு அக்காணொளி ஒப்புதல் வாக்குமூலம் போல அமைந்துவிட்டது. உழைப்பின் வியப்பு படத்தின் வியப்பை முந்திக்கொண்டதில் நந்துவின் கதைக்கு இழப்பே நேர்ந்தது.

மேற்கோளாகக் காலக்குறி

ஆய்வேடுகளில் காட்சியைச் சுட்டக் காலக்குறி பயன்படுவது பெருகிவருகிறது. பக்க எண்ணுக்கு நிகராக அது கருதப்படுகிறது. பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால் பதிப்பாண்டைத் தருவது நெறி. காலக்குறிக்கு அந்நெறி இன்னும் ஏற்படவில்லை. நொடிக்கு 24 சட்டகம் என்ற வேகத்தில் எடுக்கப்பட்ட 150 நிமிடத் தமிழ்ப்படம், நொடிக்கு 25 சட்டகம் ஓடும் தொலைக்காட்சி முறைக்கு வேகம் கூட்டி மாற்றப்பட்டால் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். 100ஆவது நிமிடத்தில் வரும் காட்சி அங்கே 96ஆவது நிமிடத்தில் வரும். ஒவ்வொரு ஷாட்டின் நீளமும் நூற்றுக்கு நான்கு பங்கு குறையும். இரு ஆய்வாளர்கள் இரு படிகளை அளந்து, ஒரே தொகுப்பாளரின் வேகம் பற்றி இரு முடிவுகளுக்கு வரலாம். இருவருடைய அளவீட்டிலும் பிழை இராது.

படச்சுருள் காலத்தில் இத்தொல்லை வேறு வடிவில் இருந்தது. தணிக்கைச் சான்றிதழ் படத்தின் நீளத்தை மீட்டரில் குறித்தது, 35 மி.மீ. படச்சுருளில் 150 நிமிடம் ஏறத்தாழ 4115 மீட்டர். மீட்டர் என்பது பொருளின் நீளமே அன்றிக் காலத்தின் நீளமன்று என்பது அப்போது எல்லோர்க்கும் வெளிப்படை. அளவையின் அந்நியத்தன்மையே அதனைத் தவறாகப் படிக்காமல் காத்தது. காலக்குறி கடிகாரத்தின் உருவில் வருவதால் அந்தக் காப்பு இல்லாமற்போயிற்று.

ஆகவே காலக்குறியைச் சான்றாகத் தரும் ஆய்வு, எந்தப் படியிலிருந்து எடுக்கப்பட்டது, அதன் சட்டக வேகம் என்ன, எண்ணிக்கை எங்கிருந்து தொடங்குகிறது என்பனவற்றை உடன் தருதல் வேண்டும். ‘டைம்கோட்’ போன்ற படத்துக்கு அதுவும் போதாது. லாரன் காரில் அமர்ந்து கேட்கும் காட்சியைச் சுட்ட விரும்புபவர் நிமிடத்தோடு எந்தக் கட்டம் என்பதையும், அப்போது எந்தக் கட்டத்தின் ஒலி மேலெழுந்து நிற்கிறது என்பதையும், பதினைந்தில் எத்தனையாவது பதிவு என்பதையும் எழுத வேண்டியிருக்கும்.